ஏத்தன் பழப் பஜ்ஜி வீட்டில் சரியாக வரவில்லை: பிழை பழத்திலா, மாவிலா, எண்ணெயிலா?

பாளையங்கோட்டை மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு இப்போது 79 வயது. செங்கோட்டைக்காரர். 1956 நவம்பரில் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது தாம் ஐந்தாம் வகுப்பில் இருந்ததாகச் சொல்வார். அந்தப் பக்கத்து வீடுகளில் ஏத்தன் பழத்தை, அதாவது நேந்திரம் பழத்தை, மாவில் தோய்த்துத் தேங்காய் எண்ணெயில் பொரித்து மாலைத் தேநீரோடு தருவார்கள். அவர் அதைப் பழம்பொரி என்பார். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் பழப் பஜ்ஜி என்போம். மாமியார் இருந்தவரை அவர் கையாலேயே செய்துகொடுத்தார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன்பின் மாமனார் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சென்ற மாதம் மழை பெய்த ஒரு மாலையில் கடையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, "இதுல பழமே இல்லையேம்மா" என்று தட்டில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து மூன்று முறை நானே செய்துபார்த்துவிட்டேன், மூன்று முறையும் சரியாக அமையவில்லை.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன், பிழை எங்கே என்று நீங்கள் சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் காம்பு பச்சையாக, தோல் மஞ்சளாக இருந்த ஏத்தன் பழம் நான்கு வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தேன். தோல் நன்றாகக் கறுத்ததும் பழுத்துவிட்டது என்று எடுத்து நீளவாக்கில் நறுக்கினேன். ஒரு கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவு, நான்கு மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி ஆப்பச் சோடா, கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்துத் தோசை மாவுப் பதத்தில் கரைத்தேன். முந்தின நாள் வடை சுட்ட எண்ணெயிலேயே பொரித்தேன். போட்ட அரை நிமிடத்திலேயே மேல்புறம் கறுஞ்சிவப்பாகிவிட்டது. எடுத்துவைத்தால் தாள் முழுவதும் எண்ணெய். கடித்தால் மாவுக்கூடு தனியாகக் கையில் நிற்க, பழம் மட்டும் உருவிக்கொண்டு வெளியே வருகிறது; அந்தப் பழமும் நடுவில் வெள்ளையாக, மாவுப் பிடிப்போடு இருக்கிறது. மாமனாருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை என்பதால் பழம் உள்ளே குழைந்து இருந்தால்தான் அவரால் சாப்பிட முடியும். இரண்டாம் முறை சீனியைக் குறைத்தேன், மூன்றாம் முறை சோடாவைக் கூட்டினேன்; சோடாவைக் கூட்டியபோது மாவே செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது. எந்தப் பழம் வாங்க வேண்டும், சோடா தேவைதானா, மாவு ஏன் பழத்தில் ஒட்டவில்லை என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

களக்காடு வாழைத்தோட்டம்:

தங்கைக்கு வணக்கம். உங்கள் மாவைப் பற்றிச் சொல்லச் சமையல் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் ஏத்தன் வாழை போடுகிறவன், அதனால் பழத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் கருத்தில் உங்கள் பஜ்ஜி அடுப்புக்கு வருவதற்கு முன்பே, அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே கெட்டுவிட்டது.

வாழைப்பழத்துக்குக் குளிர் ஆகாது. ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தோல் அடிபட்டுக் கறுத்துவிடும், உள்ளே பழுப்பது நின்றுவிடும். குளிரில் வந்த கறுப்பும் பழுத்து வந்த கறுப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். நீங்கள் நறுக்கியது கறுத்த தோலுக்குள் இருந்த அரைக்காய். நடுவில் வெள்ளையாக, மாவுப் பிடிப்போடு இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் இனிப்பாக மாறாமல் நின்ற மாவுச்சத்து.

ஏத்தன் பழத்தின் சிறப்பே அந்த மாவுச்சத்துதான். கதலியும் மற்றச் சிறு பழங்களும் பழுத்தால் இளகிவிடும். எண்ணெயில் போட்டால் மாவுக்குள் கூழாகி, கடிக்கும்போது வாயைச் சுட்டுவிடும். ஏத்தன் நன்றாகப் பழுத்த பிறகும் கொஞ்சம் மாவுச்சத்தை உள்ளே வைத்துக்கொண்டிருப்பதால், துண்டு உருவம் கெடாமல் நின்று, உள்ளே மட்டும் குழைந்து வரும். உங்கள் மாமனாருக்கு வேண்டியது அந்தப் பக்குவம்தான். பச்சைக் காயை வறுவலுக்குக் கொடுக்கலாம், மஞ்சளாகத் தொடங்கியதை ஆவியில் அவித்துத் தின்னலாம், பஜ்ஜிக்கு மட்டும் முழுப்பழம் வேண்டும்.

முழுப்பழத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். தோலின் பாதிக்குமேல் கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். ஏத்தனுக்கு உடம்பில் வரப்புப் போல விளிம்புகள் இருக்குமல்லவா, அவை மழுங்கியிருக்க வேண்டும். பெருவிரலால் மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். உரித்தால் தோல் கடுதாசி போல மெலிந்து, நார் பழத்தில் தங்காமல் கழன்று வர வேண்டும். குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள்: வெளிர்மஞ்சளாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள், காவி கலந்த மஞ்சளாக, நடுவில் ஈரப்பளபளப்போடு இருந்தால் அன்றே போட்டுவிடுங்கள்.

தோல் ஒரே சீராக மஞ்சளாக இருந்து காம்பு மட்டும் பச்சையாக நிற்கும் பழம் அவசரமாகப் பழுக்க வைத்ததாக இருக்கக்கூடும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கச் சட்டப்படி தடை இருக்கிறது, ஆனாலும் வாங்குகிறவர் கண் திறந்திருப்பது நல்லது. எனக்குக் கேட்டால், நன்கு முற்றிய காயாக ஒரு சீப்பு வாங்கி நீங்களே பழுக்கவைப்பதுதான் சிறந்தது. சாக்கிலோ பழைய செய்தித்தாளிலோ சுற்றி, அரிசிப் பானைக்குள் ஏற்கெனவே பழுத்த ஒரு பழத்தோடு வைத்து மூடிவிடுங்கள். பழுத்த பழத்திலிருந்து வரும் வாயு மற்றக் காய்களையும் பழுக்கத் தூண்டும். வெயில் காலத்தில் மூன்று நாளிலும், மழைக்காலத்தில் ஐந்து நாளிலும் பதம் வந்துவிடும்.

ஒரு செய்தி மட்டும் கூடுதலாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனி ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் தார் போட்ட ஏத்தன் மரங்கள் கம்பு ஊன்றியிருந்தும் முறிந்து விழும். மாதக் கணக்கில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரம் அறுவடைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒடிந்து கிடப்பதைப் பார்க்கும் வேதனை வாழை போட்டவர்களுக்குத்தான் தெரியும். அப்படி விழுந்த தாரின் காய் முற்றாததால், எத்தனை நாள் வைத்து மஞ்சளாக்கினாலும் இனிப்பு ஏறாது. அந்த மாதங்களில் விலை குறைவாகக் கிடைக்கும் ஒல்லிக் காயைப் பஜ்ஜிக்கு வாங்காதீர்கள். ஆவணியில் ஓணத்துக்காகக் கேரளத்துக்குத் தார் ஏறுவதால் நல்ல காய்க்கு விலை கூடும். ஆனாலும் நான்கு பழத்துக்குள் அது பெரிய வேறுபாடாக இராது.

தென்காசி பலகார அடுப்பு:

அம்மா, களக்காட்டு அண்ணாச்சி சொன்னது முற்றிலும் சரி. பழம் சரியில்லாவிட்டால் மாவில் எந்த வித்தை செய்தாலும் பயனில்லை. நான் குற்றாலம் செல்லும் சாலையில் இருந்த ஒரு தேநீர்க் கடையில் 31 ஆண்டுகள் பலகாரம் போட்டவன். சீசன் நாட்களில் சாரலில் நனைந்து வருகிறவர்களுக்கு மாலை மூன்று மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை சட்டியை விட்டு நகர முடியாது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் மாவு. மைதா 150 கிராம், பச்சரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, பொடித்த ஏலக்காய் மூன்று, இவ்வளவு போதும். விரும்பினால் சீரகமோ கறுப்பு எள்ளோ ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளுங்கள். கடலை மாவு வேண்டாம். அது வாழைக்காய்க்கும் வெங்காயத்துக்கும் பொருத்தமே தவிர, பழத்தோடு சேர்ந்தால் அதன் வாடை பழத்தை அடக்கிவிடும். அரிசி மாவு மொறுமொறுப்புக்காக. மைதாவை அதிகம் அடித்துக் கலக்கினால் இழுவை பிடித்து மேல்தோல் ரப்பர்போல ஆகிவிடும், ஆகவே முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் கட்டியில்லாமல் பிசைந்து, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்து இளக்கி, கால் மணி நேரம் மூடி வையுங்கள். தோசை மாவுப் பதம் என்று எழுதியிருந்தீர்கள், அது நீர்த்துவிட்டது. தோசை மாவைவிடக் கெட்டியாகவும் இட்லி மாவைவிட இளக்கமாகவும் இருக்க வேண்டும். கரண்டியின் முதுகில் மாவை ஊற்றி விரலால் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும்.

நான்கு கரண்டி சீனி போட்டதால்தான் அரை நிமிடத்தில் கறுத்தது. மாவில் இருக்கும் சீனி சூட்டில் முந்திக்கொண்டு நிறம் ஏறிவிடும். உள்ளே பழம் சூடேறும் முன் வெளியே கருகும். சீனியை அறவே விட்டுவிட்டால் மேல்புறம் வெளிறிப்போய்ப் பொன்னிறம் வராது, அதனால் ஒரு கரண்டி வேண்டும். இனிப்பு முழுவதும் பழத்திலிருந்துதான் வர வேண்டும்.

சோடாவைக் கூட்டியதும் மாவு செம்மண் நிறமானதாகச் சொன்னீர்கள். மஞ்சள்தூளில் சோடா, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்ந்தால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆலம் கரைக்கும்போது தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். மாவு சிவந்தால் சோடா மிகுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சோடா அதிகமானால் மேல்மாவு பஞ்சுபோலத் துளைவிட்டு எண்ணெயைக் குடிக்கும். இந்தப் பலகாரத்துக்குச் சோடாவே தேவையில்லை. கொஞ்சம் உப்பலாக வேண்டும் என்றால் புளித்த தோசை மாவு ஒரு கரண்டி கலந்துகொள்ளுங்கள், எங்கள் கடையிலும் அப்படித்தான் செய்தோம்.

மாவு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டீர்கள். பழம் காயாக இருந்தது ஒரு காரணம், குளிர்ந்து வியர்த்திருந்தது மற்றொன்று, மாவு நீர்த்திருந்தது இன்னொன்று. துண்டின் மேல் ஈரம் இருந்தால் எண்ணெய்ச் சூட்டில் அது ஆவியாகி மாவைப் பழத்திலிருந்து தள்ளிவிடும், அதனால்தான் கூடு தனியாக நின்றது. மாவு தயாராகி எண்ணெய் காய்ந்த பிறகே பழத்தை உரித்து நறுக்குங்கள். பழத்தைக் குறுக்கே இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்று பட்டைகளாக வெட்டலாம். மிகவும் மெலிதாக வெட்டினால் கடையில் வாங்கியதைப்போல மாவுதான் இருக்கும், பழம் இராது. அரை விரல் கனமாவது வேண்டும். பட்டைகளை வெறும் அரிசி மாவில் ஒருமுறை புரட்டி உதறிவிட்டுக் கரைத்த மாவில் தோய்த்தால் விட்டுப்போகாது.

இனி எண்ணெய். வடை சுட்ட எண்ணெயில் வெங்காயமும் மிளகாயும் வாடையாகத் தங்கியிருக்கும், அடியில் துகள்கள் கருகிக் கிடக்கும். இதற்குப் புது எண்ணெய் வையுங்கள். உங்கள் மாமனாரின் நினைவில் இருப்பது தேங்காய் எண்ணெய் மணம் என்பதால் அதிலேயே செய்யுங்கள். ஆனால் தேங்காய் எண்ணெயோடு கடலை எண்ணெயையோ வேறு எண்ணெயையோ கலந்துவிடாதீர்கள். கலந்தால் பலகாரம் போட்டவுடன் நுரை கிளம்பிச் சட்டி விளிம்புவரை ஏறும், சில நேரம் வழிந்து அடுப்பில் விழுந்து தீப்பிடிக்கும். எங்கள் கடையில் புதிதாக வந்த ஒரு பையன் தெரியாமல் கலந்து ஊற்றியதில் கையில் கொப்புளம் கண்டது. அதிலிருந்து இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் சீக்கிரம் புகையும், ஆகவே தீயை மிதமாகவே வையுங்கள்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரியாக வேகும். அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். அடியில் தங்கிவிட்டால் சூடு போதாது. விழுந்தவுடன் மேலே வந்து சிவந்துவிட்டால் சூடு மிகுதி. உள்ளே போய், ஒரு மூச்சு நேரத்தில் மெதுவாக மேலெழுந்து, சுற்றிலும் சின்னக் குமிழிகளோடு மிதந்தால் பழத்தைப் போடலாம். ஒரு தடவைக்கு மூன்று துண்டு போதும். சட்டி நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். துண்டுகளைச் சட்டியில் போட்டதும் அரிகரண்டியால் எண்ணெயை மேலே கோரி ஊற்றி, அடிப்புறம் பிடித்த பிறகு புரட்டுங்கள். நான்கு நிமிடம் போல ஆகும். தொடக்கத்தில் சடசடவென்று இரையும் ஓசை அடங்கி, குமிழிகள் குறைந்து வரும்போது எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய் குடிப்பது சட்டிக்குள் இருக்கும்போது மட்டும் நடப்பதில்லை, எடுத்த பிறகும் நடக்கிறது. உள்ளே இருக்கும் ஆவி ஆறும்போது மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுக்கும். எடுத்தவுடன் சட்டி விளிம்பில் சாய்த்துப் பிடித்து எண்ணெய் சொட்டி முடியும்வரை காத்திருந்து, பிறகு கம்பி வலையின் மேல் ஒன்றை ஒன்று தொடாமல் நிறுத்தி வையுங்கள். தாளின் மேல் அடுக்கிவைத்தால் அடியில் இருப்பது ஆவியில் நனைந்து தொய்ந்துபோகும்.

வள்ளியூர் கருப்பட்டிக் காப்பி:

அக்கா, எங்கள் வீட்டில் மைதா வாங்குவதில்லை. கோதுமை மாவும் கருப்பட்டியும் வைத்துச் செய்வோம். 50 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே கோதுமை மாவையும் இரண்டு கரண்டி அரிசி மாவையும் கரைக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் மாவு வெந்து களியாகிவிடும். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் உடன்குடிக் கருப்பட்டியின் மணத்தோடு அவ்வளவு நன்றாகச் சேரும். நிறம் கறுப்பாகத்தான் வரும், தீயைக் குறைத்தே பொரிக்க வேண்டும். தென்காசி அண்ணாச்சி சொன்ன பொன்னிறம் இதில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மாமனாருக்கு அவர் பழகிய சுவை வேண்டுமானால் மைதாவிலேயே செய்யுங்கள்.

பழம் ஒரு நாள் தாண்டி மிகவும் கனிந்துவிட்டால் பட்டையாக நறுக்க வராது. அப்போது அதைத் தூக்கிப் போடாமல், இதே மாவில் பிசைந்து தேங்காய்ப் பல்லைக் கீறிச் சேர்த்து, பணியாரக் குழியில் நெய் விட்டு ஊற்றிவிடுங்கள். கடைவாய்ப் பல் இல்லாதவர்களுக்கு அது இன்னும் எளிதாக இருக்கும். ஆனால் அவருக்குத் தேங்காய்ப் பல் வேண்டாம், துருவலாகப் போடுங்கள்.

பாளையங்கோட்டை மருமகள்:

இரண்டு அண்ணாச்சிமாருக்கும் தங்கைக்கும் என் நன்றி. ஒரு சீப்புக் காய் வாங்கிச் சாக்கில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தேன். நான்காம் நாள் திறந்தபோதே வாசனை அடுக்களை முழுவதும் பரவியது. தோல் கரும்புள்ளி விழுந்து, அண்ணாச்சி சொன்னதுபோலவே கடுதாசியாக உரிந்தது. நேற்று மாலை தேங்காய் எண்ணெயில், சோடா இல்லாமல், ஒரு கரண்டி சீனியோடு செய்தேன். முதல் ஈடு மூன்றும் கொஞ்சம் வெளிறி, எண்ணெய்ப் பிடிப்போடு வந்தன. சொட்டு விட்டுப் பார்க்காமல் அவசரப்பட்டுப் போட்டதுதான் காரணம். இரண்டாம் ஈட்டிலிருந்து சரியாகிவிட்டது. மாவு பழத்தை விட்டுப் பிரியவில்லை, குறுக்கே பிட்டால் உள்ளே தேன் நிறத்தில் ஆவி பறந்தது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்து என் கணவரிடம் நீட்டி, "உங்கம்மா ஏலக்கா கொஞ்சம் கூடப் போடுவா" என்றார். அடுத்த முறை ஏலக்காயைக் கூட்டிவிடுவேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. என் கணவர் அலுவலகத்திலிருந்து வர ஏழரை மணி ஆகிவிடுகிறது. நான்கு மணிக்குப் போட்டது அதற்குள் தொய்ந்துபோகிறது. மொறுமொறுப்பாகவே வைக்க வழி உண்டா?

தென்காசி பலகார அடுப்பு:

அம்மா, பழத்தின் ஈரம் மேல்மாவுக்கு ஏறுவதைத் தடுக்க முடியாது, இது சூடாகத் தின்னும் பலகாரம். டப்பாவில் மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம் தொய்யும். மாவில் பாதியைத் தனியே எடுத்து மூடிவைத்துவிடுங்கள், பழத்தையும் உரிக்காமல் வையுங்கள். அவர் வந்து கைகால் கழுவுவதற்குள் எண்ணெய் காய்ந்துவிடும். நின்ற மாவு கொஞ்சம் இறுகியிருந்தால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். அன்று பொரித்த எண்ணெயை ஆறியதும் துணியில் வடிகட்டி வைத்து, இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். ஏலக்காயைத் தோலோடு பொடிக்காமல், விதையை மட்டும் ஒரு சிட்டிகைச் சீனியோடு அரைத்துப் போட்டால் மணம் நன்றாக எழும். செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் அப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.